கதைக்குள் போகும் வழி: சமயக் கதைகளைக் குறியீடாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

அசுரர்களின் மூன்று கோட்டைகளான முப்புரத்தைச் சிவபெருமான் எரித்தார் என்று சொல்கிறவர்கள் மூடர்கள். இப்படிச் சொன்னவர் கடவுள் மறுப்பாளர் இல்லை. பன்னிரு திருமுறைகளில் பத்தாவதாக வைத்துப் போற்றப்படும் திருமந்திரத்தில் திருமூலரே சொல்கிறார்:

அப்பணி செஞ்சடை ஆதி புராதனன்
முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்
முப்புர மாவது மும்மல காரியம்
அப்புரம் எய்தமை யாரறி வாரே

ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டிவைக்கும் மூன்று மலங்களின், அதாவது அழுக்குகளின், காரியம்தான் முப்புரம். அந்தப் புரத்தை அவன் எய்ததை யார் அறிந்தார்கள் என்று கேட்கிறார். பதினாறு வயதில் புராணமெல்லாம் கட்டுக்கதை என்று நான் ஒதுக்கிவிட்டேன். முப்பதைத் தாண்டிய பிறகு இந்தப் பாட்டைப் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை. நான் எதை மறுத்தேனோ அதை இவர் என்றைக்கோ கடந்து போயிருந்தார். கதையைத் தூக்கி எறியாமலே கடந்திருந்தார்.

நடந்ததா, நடக்கவில்லையா என்ற கேள்வியிலேயே மாட்டிக்கொண்டு, நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம், எதையும் சாராதவராகவும் இருக்கலாம். ஒரு கதை, ஒரு நோட்டு, அவசரமில்லாத ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்று

குறியீடாக வாசிப்பது என்றாலே "இது நடக்கவே இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது எனப் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை ஒத்திவையுங்கள். நடந்ததா என்பது வரலாற்றுக் கேள்வி. அதற்குக் கல்வெட்டும் அகழாய்வும் வேண்டும். என்ன சொல்ல வருகிறது என்பது வேறு கேள்வி. அதற்குக் கதையோடு உட்காரும் பொறுமை வேண்டும். புஷ்பக விமானத்தைக் காட்டி அந்தக் காலத்திலேயே ஆகாய விமானம் இருந்தது என்று வாதாடுபவரும், அது பறக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டுபவரும் கதையை ஒரே விதமாகத்தான் பார்க்கிறார்கள். நோவாவின் பேழையின் மரத்துண்டைத் தேடி அரராத் மலை ஏறுகிறவர்களும் அப்படியே. இவர்கள் எல்லோருக்கும் கதை ஒரு சாட்சி வாக்குமூலம். வாக்குமூலம் உண்மையா பொய்யா என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த வாசிப்பு அந்நியமானதும் இல்லை. குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன் தன்னைக் கூடிய அன்று அங்கே சாட்சி யாருமில்லை என்கிறாள் தலைவி. பிறகு நினைவு வந்தவள் போல, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். அந்தக் கொக்கு உண்மையில் அங்கே நின்றதா என்று நாம் கேட்பதில்லை. அதன் கண் மீன்மேல் இருந்தது, அது நமக்காக வந்து சாட்சி சொல்லாது, அவனும் ஒருவேளை அந்தக் கொக்கைப் போலத்தானோ என்ற அவளுடைய பயம் நம் நெஞ்சில் இறங்குகிறது. சொல்லுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் இந்தப் பொருளுக்கு உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்து இலக்கணம் எழுதிய மொழி நம்முடையது. பாட்டுக்குக் கொடுக்கிற அந்தக் காதை சமயக் கதைக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதல் படி: கதையை அதன் மூலத்தில் படியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கிறார்கள். நமக்குத் தெரிந்த கதைகளில் பாதி, தொலைக்காட்சித் தொடரிலும் நாள்காட்டிப் படத்திலும் பார்த்தவை. லட்சுமணன் கிழித்த கோட்டை வைத்து, "எல்லை தாண்டினால் ஆபத்து" என்று எத்தனையோ தத்துவ விளக்கங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கோடு வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். ஒரே காட்சியைக் கம்பன் ஏன் இப்படி மாற்றினான் என்று கேட்டாலே ஒரு மாலை முழுவதும் யோசிக்க விஷயம் கிடைக்கும். அதை விட்டுவிட்டு, இரண்டு நூலிலும் இல்லாத கோட்டுக்கு உட்பொருள் தேடி என்ன பயன்?

இன்னொரு எடுத்துக்காட்டு விவிலியத்தில் வரும் தீர்க்கதரிசி யோனா. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் திமிங்கலம் என்பார்கள். மூலத்தில் திமிங்கலம் இல்லை, "பெரிய மீன்" என்றுதான் இருக்கிறது. அந்தச் சிறு நூலில் மொத்தமே 48 வசனங்கள். மீன் வருவது மூன்றே வசனங்களில். மனிதன் மீன் வயிற்றில் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் நான்காம் அதிகாரம் வரை போனார்கள் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அங்கேதான் கதை இருக்கிறது. நினிவே நகருக்குப் போய் எச்சரிக்கை செய் என்று கடவுள் யோனாவிடம் சொல்கிறார். அவன் எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறான். புயல், மீன், கரை எல்லாம் ஆகி, கடைசியில் நினிவேக்குப் போகிறான். நகரம் திருந்திவிடுகிறது, ஆடு மாடுகளுக்குக்கூடத் துக்கத்துக்கான முரட்டுத் துணி உடுத்தி நோன்பிருக்கிறார்கள். கடவுளும் தண்டனையைக் கைவிடுகிறார். யோனாவுக்குக் கோபம் பொங்குகிறது. எதிரிகளின் ஊர் அழியவில்லையே என்று! ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று பார்க்கிறான். ஒரு செடி முளைத்து அவனுக்கு நிழல் தருகிறது. மறுநாள் ஒரு பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது. வெயில் தாங்காமல் சாகிறேன் என்கிறான். நீ நடாத, வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு இரங்குகிறாயே, வலக்கை எது இடக்கை எது என்றறியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரும் ஏராளமான கால்நடைகளும் இருக்கிற நினிவேக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு நூல் முடிகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்பது இல்லை. மீனோடு நின்றுவிட்டவர்களுக்கு அந்தக் கேள்வி காதில் விழவே விழாது.

இரண்டாம் படி: மேற்பரப்பை மதியுங்கள்

உட்பொருள் தேடும் அவசரத்தில் கதையையே விட்டுவிடக் கூடாது. படித்து முடித்ததும் நோட்டில் ஐந்தாறு வரிகளில் கதையை அப்படியே எழுதுங்கள். விளக்கம் வேண்டாம். யார், எங்கே, என்ன செய்தார், யார் பேசினார், யார் பேசவில்லை, எப்படி முடிந்தது. எழுதும்போது எந்த இடத்தில் பேனா தயங்குகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு தேவைப்படும்.

மூன்றாம் படி: கதையே சாவி தருகிறதா என்று பாருங்கள்

சில கதைகள் தங்கள் சாவியைத் தாங்களே வாசலில் மாட்டி வைத்திருக்கின்றன. கடோபநிஷதத்தில் உடல் தேர், ஆத்மா அதில் செல்பவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள் என்று நூலே பிரித்துச் சொல்லிவிடுகிறது. விதைக்கிறவன் உவமையைச் சொன்ன இயேசு, விதை எது, பாறை எது, முள் எது என்று சீடர்களுக்குத் தானே விளக்குகிறார்.

சில கதைகளில் சாவி பெயரில் இருக்கும். ஆசைகாட்டி மயக்கிப் புத்தரைக் கலைக்க வந்த மாரனின் மகள்கள் மூவர்: தண்ஹா, அரதி, ராகா. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இவை வேட்கை, மனம் ஒட்டாத சலிப்பு, பற்று என்று பொருள்படும் சாதாரணச் சொற்கள். சுத்தநிபாதம் என்ற பௌத்த நூலில் மாரனின் படைகளையும் புத்தர் வரிசையாக எண்ணுகிறார். முதற்படை காமம், அடுத்து சலிப்பு, பசியும் தாகமும், வேட்கை, சோம்பல், பயம், சந்தேகம் என்று வரிசை நீள்கிறது. யானையும் குதிரையும் அந்தப் பட்டியலில் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் அத்தாரின் கதையில், பறவைகள் தங்கள் அரசனான சீமுர்கைத் தேடி ஏழு பள்ளத்தாக்குகளைக் கடக்கின்றன. கடைசியில் போய்ச் சேர்வது முப்பது பறவைகள். பாரசீகத்தில் "சீ" என்றால் முப்பது, "முர்க்" என்றால் பறவை. அரசனைக் காணப் போனவை அங்கே தங்களையே காண்கின்றன.

ஆகவே பெயர்களுக்குப் பொருள் தேடுங்கள். எபிரேயத்தில் ஆதாம் என்றால் மனிதன். மண்ணைக் குறிக்கும் அதாமா என்ற சொல்லோடு அது ஒட்டி நிற்கிறது. சூரபதுமனின் தாய் பெயர் மாயை. இதெல்லாம் ஒளித்து வைத்த இரகசியம் இல்லை. கேட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் காதிலேயே விழுந்திருக்கும். நமக்குத்தான் மொழி தூரமாகிவிட்டது.

நான்காம் படி: கால் இடறும் இடத்தில் நில்லுங்கள்

மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் ஓர் அருமையான கருத்தைச் சொன்னார். வேதத்தில் நம்ப முடியாத, பொருந்தாத இடங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட தடைக்கற்கள். கதை வழுவழுப்பாகவே ஓடினால் நாம் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடுவோம், இடறினால்தான் குனிந்து பார்ப்போம் என்பது அவர் எண்ணம். அவர் காட்டிய எடுத்துக்காட்டே எளிமையானது: ஆதியாகமத்தில் சூரியன் படைக்கப்படுவது நான்காம் நாள். அப்படியானால் முதல் மூன்று நாளும் மாலையும் விடியலும் எப்படி வந்தன? புத்தியுள்ள யார் இதை அப்படியே எடுத்துக்கொள்வார் என்று அவரே கேட்கிறார்.

இரண்டாம் படியில் நீங்கள் கோடு போட்டு வைத்த இடத்துக்கு இப்போது திரும்புங்கள். இரணியன் கதையில் பலருக்குக் கோடு விழுவது வரத்தில்தான். மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், நிலத்திலும் வானத்திலும், எந்த ஆயுதத்தாலும் சாவு கூடாது. சிறுபிள்ளைத்தனமான புதிர் போலத் தோன்றும். இடறிய இடத்தில் குனிந்து பாருங்கள். சாவை வெளியே நிறுத்த அவன் கட்டிய சுவர், ஒவ்வொரு செங்கல்லும் "இது அல்லது அது". அவனுடைய உலகத்தில் இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. முடிவு வருவதோ அந்த நடுவிலிருந்து: அந்தி நேரம், வாசற்படி, மடி, நகம், பாதி மனிதன் பாதி சிங்கம். தப்பிக்க வழி எல்லாவற்றையும் யோசித்து அடைத்துவிட்டேன் என்று நான் நினைத்த ஒவ்வொரு முறையும் இந்த வாசற்படி எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஐந்தாம் படி: கதையை உள்ளே திருப்புங்கள்

பிருகதாரண்யக உபநிஷதத்தில் ஒரு சின்னக் கதை. தேவர், மனிதர், அசுரர் மூவரும் பிரஜாபதியிடம் உபதேசம் கேட்கிறார்கள். மூவருக்கும் அவர் சொன்னது ஒரே எழுத்து: "த". தேவர்கள் "தாம்யத", அடங்குங்கள், என்று புரிந்துகொண்டார்கள். மனிதர்கள் "தத்த", கொடுங்கள், என்றார்கள். அசுரர்கள் "தயத்வம்", இரங்குங்கள், என்றார்கள். மூவரிடமும் சரிதான் என்றார் பிரஜாபதி. இதற்கு உரை எழுதும்போது சங்கரர், மனிதரைத் தவிர வேறு தேவரும் அசுரரும் இல்லை என்றும் கொள்ளலாம் என்கிறார். நல்ல குணம் பல இருந்தும் அடக்கம் இல்லாதவர் தேவர், பேராசைக்காரர் மனிதர், கொடுமை செய்பவர் அசுரர். மூவரும் நம்மில்தான்.

இதுவே இந்தப் படியின் பயிற்சி. கதையில் வரும் ஒவ்வொருவரையும் எடுத்து, "இவர் எனக்குள் எங்கே இருக்கிறார்?" என்று நோட்டில் எழுதுங்கள். நாயகனை மட்டும் எடுத்துக்கொண்டு வில்லனைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். யோனாவின் கோபம் என்னிடம் யார்மேல் இருக்கிறது? யார் திருந்தினால் எனக்குச் சந்தோஷம் வராது?

எனக்கு இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தது பாற்கடல் கதை. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் சொத்துப் பேச்சு வந்தது. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். பதிலுக்கு என்னிடமும் ஒரு வார்த்தை இருந்தது. அவர் இருபது ஆண்டுகளாக யாருக்கும் தெரியக் கூடாது என்று மறைத்த ஒன்று. சொல்லியிருந்தால் குடும்பமே உடைந்திருக்கும். சொல்லாமல் விழுங்கினேன். விழுங்கியதும் அது வேலை செய்ய ஆரம்பித்தது. மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லை. அந்த நாட்களில்தான் பாகவதத்தில் அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். அமுதத்துக்காகக் கடைகிறார்கள், முதலில் வருவது நஞ்சு. அதை வெளியே விட்டால் உலகம் எரியும். சிவன் எடுத்துக் குடிக்கிறார். அது தொண்டையில் நின்று நீலமாகிறது. அவர் கையிலிருந்து சிந்திய துளிகளைப் பாம்பும் தேளும் எடுத்துக்கொண்டன என்று ஒரு வரியும் இருக்கிறது.

விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை என்ற இடம் எனக்கு அதுவரை கண்ணில் படவே இல்லை. இரண்டே வழிதான் என்று இருந்த எனக்குத் தொண்டை என்ற மூன்றாவது இடத்தைக் கதை காட்டியது. அங்கே நிற்கிற நஞ்சு மறைவதில்லை. கழுத்தில் கறையாக எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பிறகு அண்ணனிடம் போய், நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பழைய விஷயத்தைச் சொல்லவில்லை. வலியையும் மறைக்கவில்லை. சிந்தும் துளி யாருக்குப் போகும் என்ற வரிதான் அன்று என் வாயைக் காத்தது.

ஆறாம் படி: முடிவை உற்றுப் பாருங்கள்

கதை தன் மனதில் உள்ளதைக் கடைசியில்தான் காட்டும். சூரபதுமன் கதையை இதற்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று சைவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தால் கதை முடிந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தொடக்கம்தான்.

தம்பிகள் இருவரும் முதலில் விழுகிறார்கள். கடைசிவரை நிற்பவன் சூரன். கடலில் மாமரமாகி ஒளிகிறான், வேல் பிளக்கிறது. அப்போதும் அடங்கவில்லை, இரண்டு கூறும் சேவலும் மயிலுமாகிச் சீறிக்கொண்டு வருகின்றன. இங்கே வேல் மறுபடி பாயும் என்று எதிர்பார்ப்போம். பாயவில்லை. முருகன் அருளோடு பார்க்கிறார். மயில் வாகனமாகிறது, சேவல் கொடியாகிறது.

ஏன் கொல்லவில்லை? சைவ சித்தாந்தத்தில் ஆணவமலம் அநாதியானது. வீடுபேற்றிலும் அது இல்லாமல் போய்விடுவதில்லை. அதன் வலிமை அடங்குகிறது. தத்துவ நூல் இதைச் சூத்திரமாகச் சொல்கிறது. கதையோ மயிலை முன்னே நிறுத்துகிறது. "நான்" என்பதை ஒழித்துக்கட்டப் புறப்பட்டு, "நான் என்பதை ஒழித்தவன் நான்" என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது மாமரமாக ஒளிந்த சூரன்தான். கதை வேறொன்றைச் சொல்கிறது: அந்த வேகம், அந்த அழகு, விரித்தாடும் அந்தத் தோகை எல்லாம் இருக்கட்டும், யார் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கேள்வி. இதைப் பட்டியல் சொல்லாது.

ஏழாம் படி: உங்கள் வாசிப்பைச் சோதியுங்கள்

எதற்கும் எந்தப் பொருளையும் சொல்லிவிட முடியும் என்பது இந்த வழியில் உள்ள பெரிய ஆபத்து. பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஏட்டில் உள்ள எழுத்து கொல்லும், ஆவியே உயிர் தரும் என்ற வசனத்தை மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் விளக்கக் கேட்டுத்தான் பின்னாளில் பெரிய கிறிஸ்தவ அறிஞரான அகஸ்டினுக்கு வேதத்தின் கதவு திறந்தது. வழியில் கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் ஒருவன் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்க்கும் உவமைக்கு அதே அகஸ்டின் சொன்ன விளக்கத்தைப் பாருங்கள்: அடிபட்டவன் ஆதாம், எருசலேம் விண்ணகரம், கள்வர்கள் சாத்தானும் அவன் தூதரும், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு ஒட்டியாகிவிட்டது. ஆனால் அந்த உவமை "எனக்கு அடுத்தவன் யார்?" என்ற கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது, "நீயும் போய் அப்படியே செய்" என்று முடிகிறது. வழியில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்குவது அந்தச் சீட்டுகளுக்கு நடுவே காணாமல் போகிறது. அகஸ்டின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனாலும் இங்கே அவர் பின்னால் போக மாட்டேன்.

தசாவதாரம் என்பது பரிணாமக் கொள்கைதான், மீன், ஆமை, பன்றி என்று வரிசை பாருங்கள் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதுவும் சீட்டு ஒட்டுகிற வேலைதான். அறிவியல் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கதையில் கண்டுபிடித்தால் கதை நமக்குப் புதிதாக எதைச் சொன்னது? குறியீடு பூட்டுச்சாவி போல ஒன்றுக்கு ஒன்று பொருந்துவது இல்லை. பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாலும் அதில் இன்னொன்று மிச்சம் இருக்கும்.

நான் கேட்டுக்கொள்கிற கேள்விகள் மூன்று. என் விளக்கம் கதை முழுவதற்கும் பொருந்துகிறதா, எனக்குப் பிடித்த ஒரு துண்டுக்கு மட்டும்தானா? அந்த மரபுக்குள் வாழ்ந்தவர்கள் இதைக் கேட்டால் தலையசைப்பார்களா? இந்த விளக்கம் என்னிடம் எதையாவது கேட்கிறதா, வெறுமனே தட்டிக்கொடுக்கிறதா? மூன்றாவது கேள்வியில் விழுந்துவிடுகிற விளக்கங்கள்தான் என் நோட்டில் அதிகம். திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயத்து ஏழாம் வசனம், பொருள் தெளிவான வசனங்களையும் பல பொருளுக்கு இடம் தருகிற வசனங்களையும் பிரித்துக் காட்டிவிட்டு, உள்ளத்தில் கோணல் உள்ளவர்கள் இரண்டாவதையே துரத்துவார்கள் என்று எச்சரிக்கிறது. எந்த மரபில் இருப்பவரும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கத் தக்க எச்சரிக்கை.

குறியீட்டைப் போர்வையாக்காதீர்கள்

இதைப் படி என்று எண்ணாமல் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஏகலைவனின் கட்டைவிரல் அகந்தையைக் குறிக்கிறது, குருவின் காலடியில் அதை அறுத்து வைப்பதே ஞானம் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. மகாபாரதத்தின் ஆதிபருவத்தைத் திறந்து பாருங்கள். வேடர் குலத்தவன் என்று துரோணர் அவனைச் சேர்க்க மறுக்கிறார். அவன் மண்ணால் குரு உருவம் செய்து தானே கற்கிறான். குரைத்த நாயின் வாயை ஏழு அம்புகளால் நிரப்புகிறான். உன்னைவிடச் சிறந்த சீடன் எனக்கு இருக்க மாட்டான் என்று சொன்னீர்களே என்று அர்ச்சுனன் துரோணரிடம் போய்க் கேட்கிறான். விரல் போன பிறகு அர்ச்சுனனின் காய்ச்சல் தணிந்தது, மனம் மகிழ்ந்தான் என்று கவி எழுதுகிறார். ஒரு வார்த்தைகூடத் தத்துவமாகப் பூசவில்லை. யாருக்கு எது நிம்மதி தந்தது என்று நேராகக் காட்டுகிறார். அநியாயம் நடந்த இடத்தில் அநியாயம் என்றே படியுங்கள். சூத்திரன் தவம் செய்தான் என்று இராமன் கையால் கொல்லப்பட்ட, இராமாயண உத்தரகாண்டத்துச் சம்புகன் கதையும் அப்படித்தான். உட்பொருள் தேடுவது வலியைத் தாண்டிப் போவதற்கான குறுக்குவழி ஆகிவிட்டால், அந்த இடத்தில் நோட்டை மூடிவைத்துவிட்டு மேற்பரப்பையே மறுபடி படிப்பது நல்லது.

நம்புகிறவர்களோடும் குழந்தைகளோடும்

புதிதாகக் கற்றவர்களுக்கு ஒரு துடிப்பு வரும். பூசை அறையில் கண்மூடி நிற்கிற பாட்டியிடம் போய், "அது வெறும் குறியீடு, பாட்டி" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். "வெறும்" என்ற அந்தச் சொல்லே நீங்கள் இன்னும் கற்கவில்லை என்று காட்டிக்கொடுக்கிறது. அதற்குப் பதிலாக, அந்தக் கதையில் உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு மூதாட்டி, கஜேந்திரன் கதையில் யானை தும்பிக்கையில் தாமரையை உயர்த்திப் பிடித்த இடம் என்றார். முதலை காலைக் கவ்வியிருக்கிறது, பலமெல்லாம் போய்விட்டது, அப்போதும் பூ தண்ணீரில் படவில்லையே தம்பி என்றார். எந்த உரையிலும் நான் படிக்காத வாசிப்பு அது.

குழந்தைகளுக்கு விளக்கம் சொல்லவே வேண்டாம். கதையை முழுதாக, நிறுத்தாமல் சொல்லுங்கள். "நிஜமாவே நடந்ததா?" என்று கேட்டால், ரொம்பக் காலமாக ரொம்பப் பேர் சொல்லிவருகிற கதை, உனக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். பொய்யும் சொல்லாமல் கதையையும் உடைக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், யோனாவில் தொடங்குங்கள். கால் மணி நேரத்தில் படித்துவிடலாம், நான்காம் அதிகாரத்தை மட்டும் இருமுறை படியுங்கள். அடுத்த வாரம் பிருகதாரண்யகத்தின் "த" கதை. மூன்றாவதாக மாரனின் படைகள். அவற்றில் இன்று உங்கள் வாசலில் நிற்பது எந்தப் படை என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள். முப்புரத்தை நாலாவதாக வையுங்கள். பூமி தேராகவும் சூரிய சந்திரர் சக்கரங்களாகவும் மேரு வில்லாகவும் வர, தேவர் அனைவரும் தங்கள் உதவியால்தான் வெற்றி என்று நினைத்திருக்க, சிவன் அம்பை விடாமல் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பில் கோட்டைகள் எரிகின்றன. எங்கே பேனா தயங்குகிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள்.